இரண்டாவது வெடிக்குச் சாகவேண்டியவர்

எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளை ரொறன்ரோவில் இருக்கிறார், முந்தி இயக்கத்தில் மோட்டார் பிரிவில் இருந்தவர் என்று அவருடைய சித்தி வந்து சொன்னார். பின்னால் தெரிந்து பிரச்சினை வரக்கூடாது என்பதற்காகவே அந்த மனிசி முன்கூட்டிச் சொன்னது. அப்பா இயக்கம் என்ற சொல்லைக் காதில் வாங்கவே இல்லை. மோட்டார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"கைத்தொழில் தெரிஞ்ச பொடியன். கராச் ஒண்டு போட்டாலும் சீவிக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் ஊரெல்லாம் அப்படியே சொல்லி வைத்தார்.

நான் கனடாவுக்கு வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே மோர்னிங்சைட் வீதியில் எங்கள் காரின் ரயர் காற்றுப் போய்விட்டது. இவர் இறங்கிப் போய் ரயரைப் பார்த்தார். பிறகு அதைச் சுற்றி வந்து மறுபக்கத்தால் பார்த்தார். பிறகு பெற்றோல் நிலையத்துக்குப் போய்ச் சிநேகிதன் ஒருவருக்கு ரெலிபோன் எடுத்தார். சிநேகிதன் வந்து மாற்றி முடிக்கும்வரை இவர் பக்கத்தில் நின்று ஆணிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் மோட்டார் பிரிவு எண்டல்லோ சொன்னவை?" என்று கேட்டேன்.

"ஓம். அது வேற மோட்டார்."

வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணிப் போத்தலை மேசையில் சாய்த்துப் பிடித்து விளக்கினார். ஒரு குழாய். அதன் வாய்க்குள் ஷெல்லைப் போட்டால் அடியில் இடித்து வெடித்துக்கொண்டு மேலே போகும். போய் எங்கோ விழும்.

"எங்கை விழும்?"

"அதுதான் பிரச்சினை" என்றார்.

எந்த இயக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் இயக்கங்கள் பஸ் நிலையத்தில் பஸ்கள் நிற்பதுபோல வரிசையாக நின்றன. முதலில் புறப்படுகிற மாதிரித் தெரிந்ததில் இவர் ஏறினார். அது பாதி வழியில் நின்றுவிட்டது. இவ்வளவுதான் அதன் வரலாறு.

கணக்குப் பரீட்சையில் விசேட சித்தி எடுத்தவர் என்பதால் இவரை மோட்டாருக்குப் போட்டார்களாம். கோணம், தூரம், காற்று எல்லாம் கணக்குப் பார்க்கவேண்டும் என்று பொறுப்பாளர் சொன்னாராம். ஆனால் வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கணக்குப் பார்க்க வேறு ஒருவர் இருந்தார். இவருக்குக் கிடைத்தது அடித்தட்டு. அந்தக் குழாய் நிலத்தில் புதையாமல் இருக்க அதன் கீழே ஒரு கனத்த இரும்புத் தட்டு வைப்பார்கள். குழாயை ஒருவன் தூக்குவான், அதன் இரண்டு கால்களை ஒருவன் தூக்குவான், அடித்தட்டை இவர் தூக்குவார். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம். இவர் எனக்குச் சொன்ன கதைகளில் அவர்களுக்குப் பெயர் இல்லை. ஒருவன் குழாய்க்காரன், மற்றவன் கால்காரன். இன்றைக்கும் சட்டை அயன் பண்ணும்போது பார்ப்பேன், இவருடைய இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் கீழே நிற்கும்.

அவர்கள் அடித்த ஷெல்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். லேத் பட்டறை ஒன்றில் கடைந்து எடுத்த ஷெல்கள். ஒன்று கடலேரிக்குள் விழுந்தது. ஒன்று வெடிக்கவில்லை. ஒன்று குழாயைவிட்டு வெளியே வர மனமில்லாமல் உள்ளேயே கிடந்தது. மூன்று பேரும் பனங்காணிக்குள் படுத்துக் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று இராணுவ முகாமுக்கு நேர் எதிர்த் திசையில் போய் ஒரு மனிசியின் ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்து வேலியைச் சரித்தது. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலையில் அந்த மனிசி தேடிக்கொண்டு வந்து கத்தினாராம்.

"தம்பியவை, காம்ப் அங்காலையடா! தெரியாட்டில் ஆரையும் கேக்கிறதுதானே? நான் காட்டியிருப்பன்!"

அன்று முழுக்க மூன்று பேரும் கிடுகு வாங்கி வேலி அடைத்துக் கொடுத்தார்கள். இவருடைய இராணுவ சேவையில் முழு வெற்றி என்று சொல்லக்கூடிய ஒரே நடவடிக்கை அந்த வேலிதான் என்று நான் சொல்வேன். இவரும் மறுக்கமாட்டார்.

சேவையின் பலனாகக் கிடைத்தது வலது காது. அதாவது, போனது. ஒருநாள் குழாய்க்குப் பக்கத்தில் நின்றபடி காதைப் பொத்த மறந்துவிட்டாராம். அதனால் எங்கள் வீட்டில் நடந்த அநியாயம் கொஞ்சநஞ்சம் அல்ல. மகள் பிறந்த பிறகு இவர் கேட்கிற காதைத் தலையணையில் அழுத்தி வைத்து, கேட்காத காதை மேலே வைத்துப் படுப்பார். பிள்ளை வீரிட்டு அழும். பதினோராம் மாடியில் இருந்து தரைமட்டம் வரைக்கும் கேட்கும். போராளி அசையமாட்டார்.

இயக்கம் முடிந்த கதையையும் பகிடியாகத்தான் சொல்வார். ஒரு மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கட்டிய வான் ஒன்று வந்து, இவருடைய இயக்கம் இன்றோடு கலைக்கப்பட்டுவிட்டது, எல்லோரும் சரணடையவும் என்று அறிவித்ததாம். அறிவித்தது இராணுவம் அல்ல, அடுத்த இயக்கம். இவர் அடித்தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, அதைத் தோட்டக் கிணறு ஒன்றுக்குள் போட்டுவிட்டு, அவிழ்ந்த சாரத்தைக் கையில் பிடித்தபடி கடற்கரைவரை ஓடியிருக்கிறார். "எங்கடை சண்டையிலை நான் ஆகக் கூட ஓடினது அண்டைக்குத்தான், அதுவும் எங்கடை ஆக்களுக்குப் பயந்து" என்பார். கால்காரன் வேறொரு படகில் போய்ப் பிறகு பாரிஸில் கரையேறினான். குழாய்க்காரனைப் பற்றிக் கேட்டால், "அவன் வேற பக்கம் போட்டான்" என்பார். அவன் ஜேர்மனியில் இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன்.

கனடாவில் இந்தக் கதைகள் எதுவும் நடக்கவில்லை. இவருடைய அகதி வழக்கை எடுத்த லோயர், மோட்டார் என்ற சொல்லையே வாயில் எடுக்காதே என்று சொல்லிவிட்டார். ஆகவே வழக்கில் இவர் காலையில் ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன் என்று ஓடிய அப்பாவி மாணவன். மாணவனைக் கனடா ஏற்றுக்கொண்டது.

இவருக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. நாலு தமிழ் ஆட்கள் ஒரு வானில் சேர்ந்து போய் வருவார்கள். அங்கே சுப்பவைசர் ஒரு வெள்ளைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டைத் தாடி, எதற்கெடுத்தாலும் பெருமூச்சு. அவருடைய லொக்கர் கதவின் உள்பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கும். பெரிய சில்லு வைத்த பீரங்கி ஒன்று, அதைச் சுற்றி நீலச் சட்டை போட்ட ஆட்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, "இதுக்கு எத்தனை பேர்?" என்று தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்.

அந்த வெயர்ஹவுஸில் அதுவரை ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லையாம். சுப்பவைசர் சாப்பாட்டை மறந்து விளக்கத் தொடங்கிவிட்டார். அமெரிக்காவில் முன்னொரு காலத்தில் வடக்கும் தெற்கும் உள்நாட்டுப் போர் செய்தபோது, அவருடைய பூட்டனுக்குப் பூட்டன் ஒன்ராறியோவில் இருந்து எல்லை கடந்து போய் வடக்கின் பீரங்கிப் படையில் சேர்ந்தவராம். அந்த நினைவாகச் சுப்பவைசரும் இன்னும் கொஞ்சப் பேரும் கோடைகாலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் போரைத் திரும்பச் செய்கிறார்கள். சனம் காசு கொடுத்து வந்து பார்க்கிறது. பீரங்கிக்கு ஏழு பேர் வேண்டும். ஒருவருக்கு முதுகு பிடித்துவிட்டது. வருகிறாயா?

"ஓகே" என்று இவர் சொல்லிவிட்டார். விளங்கினாலும் விளங்காவிட்டாலும் ஓகே சொல்வது இவருடைய வழக்கம்.

எனக்குக் கோபம் வந்தது. "ஒரு சண்டையிலை இருந்து தப்பி வந்து, இன்னொருத்தன்ரை சண்டைக்குச் சும்மா போறியளோ?"

"இஞ்சேரும், அது முடிஞ்ச சண்டை. ஆர் வெண்டது எண்டும் தெரியும். பிறகென்ன பயம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். முதுகு பிடித்தவருடைய கம்பளிச் சட்டையைச் சுப்பவைசர் கொடுத்திருந்தார். இவருக்கு அது சட்டை அல்ல, கூடாரம். நான் உள்ளே ஊசி குத்திச் சுருக்கிவிட்டேன். மீன் கட்லற்றும் றோல்ஸும் ஐஸ்கிறீம் வந்த பிளாஸ்ரிக் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, இரண்டு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே வெள்ளைத் துணிக் கூடாரங்கள், விறகடுப்பு, குதிரைகள். சுப்பவைசரின் மனைவி தரையைக் கூட்டுகிற பாவாடையோடு வந்து என் ரோஸ் நிறப் பஞ்சாபி உடுப்பையும் சப்பாத்தையும் பார்த்தார். மிகவும் பண்பாகச் சொன்னார்: கயிற்றுக்கு உள்ளே இருக்க விரும்பினால் அந்தக் காலத்து உடுப்பு உடுக்கவேண்டும், அல்லது கயிற்றுக்கு வெளியே சனத்தோடு இருக்கலாம். பிளாஸ்ரிக் பெட்டியையும் அந்தக் காலத்தில் கண்டிராதபடியால் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். நான் உள்ளே இருக்கவே விரும்பினேன். இடுப்பில் கம்பி வளையங்களைக் கட்டி அதன்மேல் பாவாடையை இறக்கினார்கள். கோயில் தேருக்குச் சீலை சுற்றியதுபோல இருந்தது. மகள் அந்த வளையத்துக்குள் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். நிழலும் அங்கேதான் இருந்தது.

சுப்பவைசரின் மனைவி எனக்கு எல்லாவற்றையும் விளக்க முயன்றார். நீலம் வடக்கு, சாம்பல் தெற்கு. வருடா வருடம் இந்தப் புல்வெளியில் இன்னார் இன்ன நேரத்தில் முன்னேறுவார், இன்னார் விழுவார், எல்லாம் முதலே முடிவு செய்யப்பட்டது. அவர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. இது சூரன்போர். கந்தசட்டிக்குக் கோயில் வீதியில் சூரனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், தலையை ஆட்டுவார்கள், வேல் வந்து குத்தும், தலையைக் கழற்றி மாற்றுவார்கள். அடுத்த வருடம் சூரன் திரும்பவும் வருவார். எங்கள் சூரனுக்கு மீசை பெரிது. மற்றபடி வித்தியாசம் இல்லை.

சண்டை தொடங்குவதற்கு முன் சுப்பவைசர் தன் ஆட்களைக் கூப்பிட்டு, யார் யார் எப்போது சாவது என்று பிரித்தார். அதைப் பிறந்த மாதப்படி பிரிப்பார்களாம். தை தொடக்கம் பங்குனிவரை பிறந்தவர்கள் எதிரியின் இரண்டாவது வெடிக்குச் சாகவேண்டும். அடுத்த மூன்று மாதத்தவர்கள் நாலாவது வெடிக்கு. இவருக்கு உண்மையில் ஐப்பசியில் பிறந்தநாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முந்திச் சேர்ப்பதற்காக இவருடைய தகப்பனார் மாசி மாதம் என்று பதிந்துவிட்டார். வெயர்ஹவுஸில் அந்தத் திகதிக்கு இவருக்குக் கேக் வெட்டியிருக்கிறார்கள். ஆகவே சுப்பவைசர் இவருடைய தோளில் தட்டி, "நீ இரண்டாவது வெடி" என்றார். அவர் நின்றது வலது பக்கம்.

"ஓகே" என்றார் இவர்.

பீரங்கி முழங்கியது. குண்டு இல்லை, வெறும் வெடிமருந்துதான். ஆனாலும் நெஞ்சுக்குள் இடித்தது. மகள் என் பாவாடைக்குள் இருந்து ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பிறகு, "அகெய்ன்!" என்றாள். நான் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்குப் பழசு ஏதும் நினைவுக்கு வந்து நடுங்குவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. நடுக்கமாவது ஒன்றாவது. முகம் முழுக்கக் கரி, வாய் முழுக்கப் பல். நீளத் தடியால் குழாயைத் துடைத்தார், மருந்துப் பொட்டலத்தை இடித்து இறக்கினார், காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். வெடித்ததும் எனக்குக் கை காட்டினார். கலியாணப் படத்தில்கூட இவர் அப்படிச் சிரித்திருக்கவில்லை.

எதிரியின் முதலாவது வெடி. ஒன்றும் இல்லை. இரண்டாவது வெடி. இவருக்குப் பக்கத்தில் நின்ற மொட்டைத் தலைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி, விழுவதற்கு நல்ல புல்லாகப் பார்த்து விழுந்தார். சனம் கை தட்டியது. இவர் விழவில்லை.

கேட்கவில்லை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சுப்பவைசரும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். இடது பக்கத்துக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக, "நீ செத்துவிட்டாய்! விழு!" என்றார்.

"நோ" என்றார் இவர்.

அதுவரைக்கும் சுப்பவைசர் இவருடைய வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

செத்துக் கிடந்த மொட்டைத் தலைக்காரர் ஒரு கண்ணைத் திறந்து, "படு, நண்பா. புல்லு நல்லாகத்தான் இருக்கிறது" என்றார். இவர் தடியை எடுத்துக் குழாயைத் துடைக்கத் தொடங்கினார். நாலாவது வெடிக்கு இன்னும் இரண்டு பேர் செத்தார்கள். ஆறாவது வெடிக்கு மிச்ச இரண்டு பேரோடு சுப்பவைசரும் சாகவேண்டியிருந்தது. அவர் ஒழுங்கான மனிதர். கோபத்தோடு செத்தார். முடிவில் பீரங்கியடியில் உயிரோடு நின்றது இவர் ஒருவர்தான்.

திட்டத்தின்படி சாம்பல் சட்டைக்காரர்கள் ஓடிவந்து ஆளில்லாத பீரங்கியைக் கைப்பற்றவேண்டும். ஓடிவந்தார்கள். வந்தால் ஆள் நிற்கிறது. துவக்குகளை நீட்டியபடி இவரைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களின் தலைவர் வாளை உயர்த்தி, சரணடையும்படி கேட்டார். இவர் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவால் வழிவிடச் சொல்லிக் கேட்டு, மெதுவாக நடந்து என்னிடம் வந்தார். துணியை விலக்கி, பெட்டியைத் திறந்து, ஒரு கட்லற்றை எடுத்தார். ஒலிவாங்கியில் பேசிக்கொண்டிருந்தவர் வேறு வழியில்லாமல், "இப்படியும் சில வீரர்கள் அந்தப் போரில் இருந்தார்கள்" என்றார். சனம் எழுந்து நின்று கை தட்டியது.

வீட்டுக்கு வரும் வழியில் நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகன நெரிசல்.  நான் பேசினேன். "விழுந்தால் என்ன குறைஞ்சு போடுவியளே? சூரன் வருசா வருசம் விழுறார். அவருக்கு இல்லாத மரியாதையோ உங்களுக்கு? வேலை போனால் வாடகை ஆர் கட்டிறது?"

"எனக்குப் பசிக்குது" என்றார். இரண்டு றோல்ஸ் கொடுத்தேன்.

வேலை போகவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்கச் சுப்பவைசர் இவரோடு பேசவில்லையாம். பெருமூச்சுக்கூட விடவில்லையாம். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. நான் அவசரத்தில் விட்டுவிட்டு வந்த ஐஸ்கிறீம் பெட்டியோடு சுப்பவைசர் நின்றார். கழுவித் துடைத்து, உள்ளே பிஸ்கற் நிரப்பியிருந்தார். இன்னொரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அவருடைய அம்மா சொல்லி வளர்த்தவராம். இது எங்கள் ஆள்தான் என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

பிளாஸ்ரிக் உறை கழற்றாத சோபாவில் அவர் இருந்தபோது அது ஒரு சத்தம் போட்டது. எல்லோரும் அது கேட்காத மாதிரி இருந்தோம். தேத்தண்ணி கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு ஒரேயொரு கேள்வி. ஏன் விழவில்லை?"

இவர் என்னைப் பார்த்தார். இவருடைய ஆங்கிலம் வெயர்ஹவுஸுக்குக் காணும், இதற்குக் காணாது. நான் ஊரில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தவள்.

"நீர் சொல்லும். நானும் ஒரு சண்டையிலை மோட்டார் பிரிவிலை இருந்தனான் எண்டு சொல்லும்."

"இஞ்சேருங்கோ, லோயர் என்ன சொன்னவர்?"

"லோயர் இஞ்சை இல்லை."

"நீங்கள் ரியூசனுக்குப் போனனீங்கள் எண்டெல்லோ எழுதிக் குடுத்திருக்கு! உவர் போய் எங்கையும் சொன்னால்?"

"நீர் சொல்லும்."

நான் சுப்பவைசரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, இவர் ஊரில் வாகனங்கள் திருத்துகிற இடத்தில் இருந்தாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பாவுக்கு விளங்கினது கனடாவுக்கும் விளங்கட்டும் என்று விட்டேன்.

"நான் உப்பிடிச் சொல்லேல்லை" என்று இவர் சொன்னார். அவ்வளவு ஆங்கிலம் விளங்கத்தான் செய்தது. பீட்ஸா விளம்பரத் தாள் ஒன்றைத் திருப்பி வைத்து, குழாய், இரண்டு கால், அடித்தட்டு எல்லாம் கீறி, அடித்தட்டைத் தொட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

சுப்பவைசர் கோப்பையை மேசையில் வைத்தார். தாளைப் பார்த்தார், இவருடைய தோளைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். அவருடைய கண்களில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம். எத்தனை இறாத்தல், எந்தக் கோணம், மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. ஆட்டுக்கொட்டில் கதையை நான் மொழிபெயர்த்தபோது சிரித்துச் சிரித்துத் தாடியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டார். எனக்கும் பயம் கொஞ்சம் தெளிந்தது.

"மற்ற இரண்டு பேரும் இப்போது எங்கே?" என்று கேட்டார்.

கால்காரன் பாரிஸில் சாப்பாட்டுக் கடையில் வேலை என்று நானே சொன்னேன். குழாய்க்காரன் ஜேர்மனியில் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் மறித்தார்.

"இயக்கம் கலைஞ்ச அண்டைக்கு அடுத்த இயக்கம் அவனைச் சந்தியிலை மறிச்சது எண்டு சொல்லும்."

சொன்னேன்.

"மறிச்ச பொடியளை எங்களுக்குத் தெரியும். ஒண்டாப் பள்ளிக்கூடம் போனவங்கள். பந்தடிச்சவங்கள்."

சொன்னேன்.

"கீழை படு எண்டாங்கள். அவன் பகிடி எண்டு நினைச்சவன். சிரிச்சுக்கொண்டுதான் படுத்தவன். நான் வேலிக்கு இஞ்சாலை அடித்தட்டோடை நிண்டனான்."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போகும்போதுதான் எனக்கே விளங்கத் தொடங்கியது. படு என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தடக்கியது.

"பிறகு?" என்று கேட்டார் சுப்பவைசர்.

"பிறகு ஒண்டுமில்லை எண்டு சொல்லும்" என்றார் இவர்.

அந்த ஒண்டுமில்லையை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. சுப்பவைசருக்கு அது தேவைப்படவும் இல்லை.  பிறகு, தான் இதுவரை எத்தனையோ தரம் செத்திருப்பதாகவும், ஒவ்வொரு தரமும் எழும்பிப் போய் பியர் குடித்ததாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே இழுப்பில் குடித்தார். மகள் அவருடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் விட்டுவிட்டார்.

கொஞ்சம் கழித்து, "உங்களுடைய ஷெல் எவ்வளவு தூரம் போகும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

இவர் உடனே தாளைத் திருப்பி எடுத்தார். இரண்டு ஆம்பிளைகளும் தலையைக் குனிந்துகொண்டு தூரத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். மொழிபெயர்ப்பாளரைக் காணவில்லை என்று ஒருவரும் தேடவில்லை. நான் குசினிக்குள் நின்று, பொரிக்க ஒன்றும் இல்லாமலே எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் கேட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை."

"கேட்டனான். வேற பக்கம் போட்டான் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். வேற பக்கம்தானே போனவன்."

எனக்கு அழுகை வந்தது, அடிக்கவும் கை வந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஒரு வெள்ளைக்காரன் பிஸ்கற் பெட்டியோடு வந்து கேட்டிருக்காவிட்டால், ஜேர்மனியில் இருக்கிற குழாய்க்காரனுக்கு நான் பிள்ளையின் பிறந்தநாள் படம்கூட அனுப்பி வைத்திருப்பேன்.

அடுத்த தடவை சுப்பவைசர் இவருக்கு ஒரு புது வேலை கொடுத்தார். பீரங்கிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி மருந்துப் பெட்டி இருக்கும். அதற்குப் பக்கத்தில் நிற்பவரை யாரும் சுடுவதில்லையாம். அந்தப் பெட்டி வெடித்தால் எல்லோரும் போய்விடுவார்கள் என்பதால் அது சட்டம் என்றார். பிறகு மொட்டைத் தலைக்காரர் என்னிடம் இரகசியமாகச் சொன்னார், அப்படி ஒரு சட்டமே கிடையாது, சுப்பவைசர் போன கிழமை இயற்றியது. இவரிடம் நான் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு இரகசியம் இருக்கட்டுமே.

மூன்று கோடைகாலங்கள் இப்படிப் போயின. கம்பளிச் சட்டையின் வியர்வை நாற்றம் எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. எனக்கென்று ஒரு பாவாடையும் வளையமும் தைத்துத் தந்தார்கள். என்னுடைய கட்லற் அந்தக் காலத்து வடக்குப் படையின் உணவாகவே அங்கீகரிக்கப்பட்டது. பாரிஸ்காரன் ஒரு ஞாயிறு ரெலிபோன் எடுத்தபோது இவர் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் அவன் சிரித்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. "சம்பளம் தாறாங்களோடா?" என்று கேட்டானாம். இல்லை என்றதும், "அப்ப எங்கடை இயக்கம் மாதிரித்தான்" என்றானாம்.

அதற்கடுத்த கடைசிக் கோடையில் எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஏழு மாதம். வளையம் என் இடுப்புக்கு ஏறவில்லை. அந்த வருடம் எதிரிகளுக்குத் தட்டுப்பாடு. தெற்குப் பக்கத்தில் கொஞ்சப் பேருக்குக் கலியாண வீடு, கொஞ்சப் பேருக்கு ஏரிக்கரைக் கொட்டேஜில் விடுமுறை. சுப்பவைசர் வந்து, இன்றைக்கு மட்டும் சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு அங்காலே நிற்க முடியுமா என்று இவரைக் கேட்டார். இவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சட்டையைக் கழற்றினார், மற்றதை மாட்டினார். "எங்கடை ஊரிலை இப்பிடிக் கேட்டுச் செய்திருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

மகளுக்கு ஐந்து வயது. அவளால் பொறுக்க முடியவில்லை. கயிற்றடிக்கு ஓடிப்போய், "அப்பா! அப்பா! யூ ஆர் ஒன் த றோங் சைட்!" என்று கத்தினாள். சனம் சிரித்தது. சாம்பல் சட்டைக்காரர்கள் முன்னேறினார்கள், இவரும் அவர்களோடு, யாருக்கும் படாமல் துவக்கை மேலே பிடித்துக்கொண்டு ஓடினார். பீரங்கியடியில் சுப்பவைசர் அன்றைக்கும் ஒழுங்காகச் செத்துக் கிடந்தார். இவர் அவருக்கு மேலால் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வசந்தத்தில் எயாக்ஸில் வீடு வாங்கினோம். இரண்டாவது வேலை வந்தது, ஞாயிற்றுக்கிழமை போனது. கம்பளிச் சட்டையைத் தோய்த்து மடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதுகு பிடித்தவருக்குச் சுகமாகிவிட்டிருந்தது.